பாங்ஜி என்னும் சீன மூலிகை: அதன் குணமும் அபாயமும்

(விவசாய டிமான்ஸ்டிரேட்டர் ஒருவர் எழுதியது)

முன்னுரை

"பச்சிலைதானே, அதனால் என்ன கெடுதி வந்துவிடப் போகிறது?" என்று குடியானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இவ்வெண்ணம் நமது நாட்டில் மாத்திரம் உள்ளதன்று. சீன தேசத்திலும் ஐரோப்பாவிலும் கற்றோரும் கல்லாதோரும் இவ்வாறே எண்ணி வந்தனர். இவ்வெண்ணத்தால் பலர் சிறுநீரகத்தை, அதாவது குண்டிக்காயை, இழந்த வரலாறு ஒன்று உண்டு. அதற்குக் காரணமான மூலிகை சீனத்துப் பாங்ஜி. அச்செடி நமது நாட்டில் பயிராவதில்லை. ஆயினும் அதன் நெருங்கிய உறவினமாகிய செடியொன்று நமது கரிசற் காடுகளில் களையாக மண்டிக் கிடக்கின்றது. ஆகையால் இவ்வரலாற்றை நமது விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

பாங்ஜி என்பது எது?

சீன வைத்தியத்தில் பாங்ஜி என்பது ஒரு கொடியின் கிழங்குபோன்ற வேர். மூட்டுவலி, கைகால் வீக்கம், நீர்க்கட்டு ஆகியவற்றிற்கு இதனைக் கஷாயமாகக் கொடுப்பது அந்நாட்டு வழக்கம். உடம்பிலுள்ள ஈரத்தையும் வாயுவையும் வெளியேற்றும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் பாங்ஜி என்னும் ஒரே பெயரால் கடைகளில் இருவேறு வேர்கள் விற்கப்பட்டு வந்தன.

முதலாவது ஹான்பாங்ஜி. இதன் சாஸ்திரப் பெயர் ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா. நமது சீந்திற்கொடி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் டெட்ராண்ட்ரின் என்னும் சத்து உள்ளது.

இரண்டாவது குவாங்பாங்ஜி. இதன் சாஸ்திரப் பெயர் அரிஸ்டோலோகியா பாங்ஜி. தென் சீனத்தில் விளைவது. முன்னதற்கும் இதற்கும் குடும்ப உறவு யாதும் இல்லை. கொடியாக நிற்கும்போது இலையையும் பூவையும் கொண்டு இரண்டையும் எளிதில் பிரித்துவிடலாம். வேரைத் தோண்டி, வில்லைகளாக அரிந்து, உலர்த்தி மூட்டையிலிட்ட பின்னரோ, பழகிய கண்ணும் ஏமாந்து போகும். நோயாளியின் கைக்குச் சேர்வது தூளும் மாத்திரையும் ஆனால், பிரித்தறிய வழியே இல்லை.

இவ்விதக் குழப்பம் பாங்ஜிக்கு மாத்திரம் உரியதன்று. சிறுநீரைப் பெருக்குவதற்கு வழங்கப்பட்ட மூடோங் என்னும் மருந்து, பழைய நூல்களின்படி அகேபியா என்னும் தீங்கற்ற கொடியின் தண்டு. பிற்காலத்தில், வடகிழக்குச் சீனத்தில் ஏராளமாகக் கிடைத்த குவான்மூடோங் என்னும் அரிஸ்டோலோகியா மஞ்சூரியென்ஸிஸ் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இருமலுக்குக் கொடுக்கப்பட்ட மாடௌலிங் என்பதும் இவ்வினத்தின் காயே. குதிரையின் கழுத்து மணியைப்போல் தொங்குவதால் அக்காய்க்கு அப்பெயர் வந்தது.

பண்டையோர் அறிந்ததும் அறியாததும்

அரிஸ்டோலோகியா என்னும் பெயர் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. நற்பிரசவம் என்பது அதன் பொருள். பிரசவ காலத்தில் பெண்களுக்கு இதனைக் கொடுப்பது மேல்நாட்டாரின் பழைய வழக்கம். ஆகவே இவ்வினச் செடிகளை மருந்தாகக் கொள்வது கிழக்கிலும் மேற்கிலும் ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட பழக்கம் எனலாம். இத்தனை காலம் மக்கள் உண்டு வந்த பொருள் விஷமாயிருக்குமானால் முன்னோர் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று கேட்பது நியாயமே.

முன்னோர் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தே இருந்தனர். கி.பி. 659-ல் டாங் வமிச அரசரின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட சீன மருந்து நூல், இவ்வினத்தின் வேரை விஷமுள்ளதென்றும், மிகுதியாக உட்கொண்டால் வாந்தியும் பேதியும் நில்லாவென்றும் எச்சரிக்கின்றது. உண்டவுடன் தோன்றும் கெடுதியை அவர்கள் கண்டனர். உண்டு பல ஆண்டுகள் சென்றபின் தோன்றும் கெடுதியை அவர்கள் காணக்கூடவில்லை. வத்ஸநாபியை உண்டவன் அன்றே வாய் மரத்து, நெஞ்சு படபடத்து வீழ்கின்றான். ஆகையால் அதன் விஷம் எல்லா நாட்டிலும் தெரிந்திருந்தது, சுத்தி முறைகளும் ஏற்பட்டன. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, சிலரிடத்து இருபது ஆண்டு கழித்துச் சிறுநீரகம் சுருங்கி இறப்பவனைக் கண்டு, அவன் என்றோ உண்ட வேரை யார் நினைப்பர்? அனுபவம் என்பது விரைந்து தாக்கும் விஷத்தைப் பிடிக்க வல்லது. மெள்ளத் தாக்கும் விஷம் அதன் வலையில் அகப்படாமல் நழுவிவிடும்.

பெல்ஜியம் நாட்டில் நேர்ந்த விபத்து

மெள்ளத் தாக்கும் இவ்விஷம் வெளிப்பட்டது சீனத்திலன்று, பெல்ஜியம் நாட்டின் தலைநகராகிய பிரஸல்ஸ் நகரில். அங்கு உடல் மெலிவதற்காகச் சிகிச்சை பெற்று வந்த பெண்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துக் கலவையில், 1990-ம் ஆண்டில் ஹான்பாங்ஜி எனப்பட்ட தூள் புதிதாகச் சேர்க்கப்பட்டது. பின்னர் நடுத்தர வயதிற்கும் உட்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலற்று ஆஸ்பத்திரிக்கு வந்தனர். அவர்களைக் கவனித்த டாக்டர் வான்ஹெர்வெகம் முதலியோர் இச்செய்தியை 1993-ல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அத்தூளைச் சோதித்தபோது, அதில் பலவும் ஹான்பாங்ஜி அன்றெனவும், குவாங்பாங்ஜியின் விஷச் சத்தே அவற்றில் இருந்ததெனவும் தெரிந்தது. ஒரு பெயரை இரு வேர்களுக்கு இட்டதனால் வந்த வினை இது. முடிவில் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகள் கணக்கில் வந்தனர்.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. சிறுநீரகம் முற்றிலும் கெட்டவர்களுள் 39 பேர், முன்னெச்சரிக்கையாகத் தமது சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றிக்கொள்ள இசைந்தனர். அகற்றிய உறுப்புகளைச் சோதித்ததில் 18 பேரிடத்துப் புற்றுநோய் தோன்றியிருக்கக் கண்டனர். உட்கொண்ட தூளின் மொத்த அளவு மிகுந்தவர்களிடத்தே புற்றுநோயும் மிகுந்திருந்தது. இவ்விவரம் 2000-ம் ஆண்டில் வெளிவந்தது.

விஷத்தின் தன்மை

இவ்வினச் செடிகளின் வேர், தண்டு, இலை, பூ, காய், விதை ஆகிய எல்லாவற்றிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் என்னும் பொருள் பல அளவிலே உள்ளது. இது குடலினின்று இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தை அடைகின்றது. அங்குள்ள நுண்குழாய்களின் உயிரணுக்கள் மெள்ள மடிய, அவ்விடத்தில் தழும்புபோன்ற நார் படர்கின்றது. தழும்பேறிய சிறுநீரகம் சுருங்கி வேலை செய்யாது நின்றுவிடும். அன்றியும் இவ்வமிலம் உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் பொருளோடு ஒட்டிக்கொண்டு, அதில் தனக்கே உரிய ஒருவகை மாறுதலை உண்டாக்குகின்றது. புற்றுநோய்க்கு அதுவே வித்தாகும். அம்மாறுதல் கைரேகைபோல் தனித்து அறியக் கூடியதாகையால், நோயாளி இவ்வினச் செடியை உட்கொண்டிருந்தார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் ஆராய்ச்சியாளர் கண்டு சொல்ல முடிகின்றது.

ஆரம்பத்தில் நோயாளிக்கு வலி எதுவும் இராது. சோகை, அசதி, பசியின்மை ஆகியவை தோன்றும். அவற்றை உழைப்பின் களைப்பென்றே எண்ணி விடுவர். கெட்ட சிறுநீரகத்தை மீட்கும் மருந்து இல்லை. இரத்தத்தை யந்திரத்தால் சுத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும். இன்றேல் வேறொருவரின் சிறுநீரகத்தைப் பெற்றுப் பொருத்த வேண்டும். தேனிட்டு வறுத்தல் முதலிய பழைய சுத்தி முறைகளால் இவ்விஷம் சிறிது குறையலாமே ஒழிய முற்றிலும் ஒழிவதில்லை.

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 2002-ல் இவ்வினச் செடிகள் சேர்ந்த மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருள்களுடன் சேர்த்தது. சீன அரசாங்கத்தார் 2003-ல் குவான்மூடோங்கை மருந்துப் பட்டியலினின்று நீக்கி, அதற்குப் பதிலாகப் பழையபடி அகேபியாவையே இடும்படி உத்தரவிட்டனர். 2004-ல் குவாங்பாங்ஜியும் நீங்கிற்று. 2020-ம் ஆண்டுப் பதிப்பில் மாடௌலிங்கும் விடப்பட்டது. தைவான் தீவில் 2003-ல் தடை ஏற்பட்டது. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் அத்தீவின் ஜனங்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையாமல் இவ்வின மூலிகை சேர்ந்த மருந்தைப் பெற்றிருந்தனர் என்று இன்ஷூரன்ஸ் கணக்குகளினின்று தெரிய வந்தது.

கோதுமையில் கலந்த களை

இனிச் சொல்லப்போவது விவசாயிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதியாகும். ஐரோப்பாவில் டான்யூப் நதியின் கிளையாறுகள் பாயும் குரோஷியா, பாஸ்னியா, ஸெர்பியா, பல்கேரியா, ருமேனியா ஆகிய நாடுகளின் சில கிராமங்களில், குடியானவர் குடும்பங்களை மாத்திரம் பற்றும் ஒரு சிறுநீரக நோய் 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் வைத்தியர்களால் விவரிக்கப்பட்டது. ஒரு கிராமத்தில் நோய் இருக்கும், அடுத்த கிராமத்தில் இராது. வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவரையும் பதினைந்து இருபது ஆண்டு வாசத்திற்குப்பின் அது பற்றும். தண்ணீர், மண், கிருமி, பரம்பரை என்று பலவற்றையும் ஐயுற்றுப் பல்லாண்டு தேடியும் காரணம் அகப்படவில்லை.

அவ்வூர்க் கோதுமை வயல்களில் அரிஸ்டோலோகியா கிளெமாடிடிஸ் என்னும் களை மிகுதி. கோதுமை முற்றும் பருவத்திலேயே அதன் காயும் முற்றுகின்றது. ஆகவே அறுவடையில் அதன் விதை தானியத்தோடு சேர்ந்து மாவாகி ரொட்டியாகின்றது. இதுவே காரணமாயிருக்கலாம் என்று ஐவிச் என்னும் ஆராய்ச்சியாளர் 1969-லேயே எழுதினார். அவர் சொல்லை அப்போது பெரிதும் மதித்தாரில்லை. 2007-ல் குரோல்மன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர்தம் கூட்டாளிகளும், அந்நோயாளிகளின் சிறுநீரகத்தில் மேலே கூறிய கைரேகை போன்ற அடையாளம் இருப்பதைக் காட்டி அவர் கூற்றை நிலைநாட்டினர். தன் வயலில் விளைந்த கோதுமையைத் தானே அரைத்து உண்ட குடியானவனுக்கு நோய் வந்தது. கடையில் ரொட்டி வாங்கி உண்ட பட்டணவாசிக்கு வரவில்லை. அங்கே மருந்தென்று ஒருவரும் இதனை உண்ணவில்லை. களையெடுக்காத குற்றம் ஒன்றே உயிருக்கு உலை வைத்தது.

அண்மையில் மற்றொரு செய்தியும் தெரிந்துள்ளது. இக்களை மண்ணில் மட்கும்போது அதன் விஷச் சத்து மண்ணில் தங்குகின்றது. அத்தகைய மண்ணில் வளர்ந்த மக்காச்சோளமும் வெள்ளரியும் வேர்வழியாக அதனைச் சிறிது உறிஞ்சிக்கொள்வதைச் சோதனையில் கண்டனர்.

நமது ஆடுதின்னாப்பாளை

நமது கரிசல் நிலங்களில், பருத்தி சோளப் பயிர்களினிடையே, ஆடுதின்னாப்பாளை தரையோடு படர்ந்து கிடப்பதைக் காணாத விவசாயி இல்லை. அதன் சாஸ்திரப் பெயர் அரிஸ்டோலோகியா பிராக்டியோலேட்டா. ஆகவே அது குவாங்பாங்ஜிக்கும் டான்யூப் களைக்கும் உடன்பிறந்த செடி என்க. இலை சாம்பல் கலந்த பசுமை நிறம், அவரை விதை அல்லது இருதய வடிவம். கசக்கினால் கெட்ட நாற்றம் வீசும். கசப்போ சொல்லி முடியாது. பூ சிறு ஊதுகொம்பு போன்று கருஞ்சிவப்பாயிருக்கும். காய் வரிகளுடன் நீண்டிருந்து, முற்றியபின் வெடித்துக் குடையைத் தலைகீழாகத் தொங்கவிட்டாற்போல் தோன்றும். விதைகள் தட்டையாய் முக்கோண வடிவாயிருக்கும். வேலிகளிற் சுற்றிப் படரும் ஈச்சுரமூலியும் இவ்வினமே.

ஆடு இதனை ஏன் தின்பதில்லை என்பதற்கு விடை இப்போது விளங்கும். சூடான் நாட்டில் சோதனைக்காக இதனை ஊட்டிய ஆடுகள் நோயுற்று இறந்தன. நமது கிராமங்களிலோ குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்கு இதன் இலைச்சாற்றை உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பூச்சி விழுவதும் மெய்யாகலாம். ஆயினும் பூச்சியைத் தள்ளக் கேடற்ற மாத்திரைகள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கும்போது, குழந்தையின் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது தகாது.

பெயர்க் குழப்பம் இங்கும் உண்டு. இருமலுக்கு உதவும் ஆடாதோடை வேறு, ஆடுதின்னாப்பாளை வேறு. முன்னது ஆளுயரத்திற்கு மேலும் வளரும் புதர், நீண்ட ஈட்டி போன்ற இலையும் வெண்ணிறப் பூவும் உடையது. பின்னது தரையில் படர்வது. இரண்டும் ஆடு தீண்டாதவை என்னும் கருத்திலேயே வழங்குவதால், பச்சிலை பறிக்க அனுப்பப்பட்ட சிறுவர்கள் ஒன்றிற்கு ஒன்றைக் கொண்டுவருதல் கூடும். பெல்ஜியத்தில் நேர்ந்ததும் இத்தகைய தவறுதான்.

இவ்விடத்தில் எனது பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன். பூச்சி விரட்டுவதற்காக, ஆடுமாடு தின்னாத இலைகளை ஊறவைத்துத் தெளிக்கும் கரைசலைப் பல கிராமங்களில் செய்து காட்டியிருக்கிறேன். வேம்பு, நொச்சி, ஆடாதோடை, எருக்கு இவற்றுடன் ஆடுதின்னாப்பாளையையும் சேர்க்கச் சொன்னேன். கரிசற்காட்டு ஊரொன்றில் மூதாட்டி ஒருவர் என்னைப் பார்த்து, "ஐயா, ஆடே ஒதுக்குகிற இலையைக் கீரைப் பாத்தியிலே தெளிக்கச் சொல்கிறீர்களே, அந்தக் கீரையை நாங்கள்தானே தின்ன வேண்டும்?" என்று கேட்டார். அன்று நான் சிரித்துக்கொண்டு, தண்ணீரில் கழுவினால் போய்விடும் பாட்டி என்று மறுமொழி கூறினேன். மேற்கூறிய வரலாறுகளைப் படித்த பின்னர், அம்மூதாட்டியின் கேள்வியே சரியென்றும் எனது விடை ஆராயாது சொன்னதென்றும் உணர்ந்தேன். அவ்வூருக்கு மறுபடி சென்று, அவ்விலையை விட்டுவிடும்படி சொல்லி வந்தேன்.

விவசாயிகள் கைக்கொள்ள வேண்டியவை

1. ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி ஆகியவற்றின் எப்பகுதியையும் உள்மருந்தாகக் கொள்ளலாகாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தல் அறவே கூடாது. பாம்பு கடித்தால் ஈச்சுரமூலியை நம்பிக் காலம் போக்காது, உடனே விஷமுறிவு ஊசி போடும் ஆஸ்பத்திரிக்குச் செல்க.

2. தானிய வயலில் இக்களையைப் பூக்கும் முன்னரே எடுத்துவிட வேண்டும். இது பல வருஷம் வாழும் செடி. மேலே அறுத்தால் அடிவேரினின்று மறுபடி தழைக்கும். ஆகையால் கோடை உழவை ஆழமாகச் செய்து வேர்களை வெயிலிற் காயவிடுக. எஞ்சியதை மண்வெட்டியால் வேரோடு தோண்டுக.

3. எடுத்த களையை எருக்குழியில் இடவோ தழையுரமாக மிதிக்கவோ வேண்டா. தனியே உலர்த்தி எரித்து விடுக. வேலை முடிந்தபின் கைகளை நன்கு கழுவுக.

4. களத்தில் தானியத்தை நன்கு தூற்றிச் சலித்து, தட்டையான முக்கோண விதை தென்பட்டால் பொறுக்கி நீக்குக. விதைக்கென வைக்கும் தானியத்தில் இது மிகவும் முக்கியம்.

5. பூச்சி விரட்டும் கரைசலில் இவ்விலையைச் சேர்க்க வேண்டா. வேம்பும் நொச்சியும் ஆடாதோடையும் போதும்.

6. வெளிநாட்டிலிருந்து வரும் மெலிவு மருந்து, மூட்டுவலி மருந்து முதலியவற்றை, உள்ளே என்ன மூலிகை உள்ளதென்று தெளிவாக அச்சிடாதபோது வாங்க வேண்டா.

7. இவ்வின மூலிகையை முன்னர் நெடுநாள் உண்டவர்கள் அஞ்சி ஒளிக்காமல் வைத்தியரிடம் சொல்லி, இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்வாராக. சிறுநீரில் இரத்தம் கண்டால் தாமதிக்கவே கூடாது.

ஒன்று கூறவேண்டும். தரிசிலும் மலையடிவாரத்திலும் உள்ள இச்செடிகளைத் தேடிச் சென்று அழிக்க வேண்டியதில்லை. சிவந்த உடலும் கரிய சிறகும் உடைய ஒருவகைப் பட்டாம்பூச்சியின் புழு இவ்விலையையே உண்டு வளர்கின்றது. உண்ட விஷத்தை உடலில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதனைத் தீண்டுவதில்லை. அச்செடி அங்கே இருக்கலாம். வயலிலும் வயிற்றிலும் அதற்கு இடம் கொடாதிருப்பதே நாம் செய்யத் தக்கது.

முடிவுரை

மூலிகைகளை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சீன வைத்தியத்தினின்று உலகிற்குக் கிடைத்த நன்மைகள் பல. ஹான்பாங்ஜியும் அகேபியாவும் தம் பெயரோடு தாமே வழங்கப்பட்டிருந்தால் இத்தனை துன்பம் விளைந்திராது. ஒரு வேரின் பெயரை மாத்திரம் கேட்டு அமையாது, செடியையும் இலையையும் பூவையும் நேரிற் கண்டு அறிந்தபின்னரே மருந்தென்று கொள்ளுதல் வேண்டும். விதையை வாங்கும்போது ரகம் கேட்டு, முளைப்பு பார்த்து வாங்கும் நமது விவசாயிகளுக்கு இது புதிய பாடமன்று. அவ்விழிப்பையே மருந்திலும் காட்டுவார்களாயின் தம்மையும் தம் மக்களையும் பெருங்கேட்டினின்று காத்துக்கொள்வர்.